தச்சரின் மரத்தூள்



நற்செய்தி நூல்களில் இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்கூட இல்லை. எழுந்தார், குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு போனார், உழைத்தார். பேசாத அந்தத் தச்சரை, இத்தாலியின் சிசிலித் தீவு மக்கள் ஒரு தட்டு பாஸ்தாவில் நினைவுகூர்கிறார்கள்.

மார்ச் 19 அவருடைய திருநாள். அன்று அங்கே வீடுகளில் ஸ்பகெட்டி வேகும். ஆனால் மேலே சீஸ் தூவுவதில்லை. திருநாள் தவக்காலத்தில் வருகிறது. பழைய ஒழுங்கில் இறைச்சியோடு பாலும் சீஸும்கூட விலக்கப்பட்ட காலம் அது. அதனால் காய்ந்துபோன ரொட்டியைப் பொடித்து, ஆலிவ் எண்ணெயில் பொன்னிறமாக வறுத்துத் தூவுகிறார்கள். அதை ஏழையின் சீஸ் என்பார்கள். சூசையப்பர் திருநாளிலோ அது அவருடைய பட்டறையின் மரத்தூள்.

எனக்கு இந்த வழக்கம் மிகவும் பிடிக்கும். மரத்தூள் என்பது பெருக்கித் தள்ளுவது. காய்ந்த ரொட்டியும் அப்படித்தான். அந்த வீட்டுத் தாய்மார்கள் இரண்டையும் எடுத்துத் திருநாள் தட்டின்மேல் வைத்துவிட்டார்கள். ஐயாயிரம் பேர் உண்டபின் நம் ஆண்டவர் செய்ததை எண்ணிப் பாருங்கள். ஐந்து அப்பங்களைப் பலுகச் செய்தவருக்கு மிச்சத் துண்டுகள் எதற்கு? ஆனாலும், ஒன்றும் வீணாகக் கூடாது என்று பொறுக்கச் சொன்னார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன.

இதை நம் வீட்டிலும் செய்யலாம். ஆளுக்கு 100 கிராம் ஸ்பகெட்டி. அதற்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. வடிப்பதற்குமுன் அந்தத் தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து வையுங்கள். நம் வடிகஞ்சி போலத்தான். அதிலிருக்கும் மாவுச்சத்துதான் எண்ணெயைப் பாஸ்தாவோடு சேர்த்துப் பிடிக்கும். ரொட்டித்தூளைச் சிறுதீயில் கிளறிக்கொண்டே வறுங்கள். கண் எடுத்தால் கருகிவிடும்.

சமைத்தால் மட்டும் போதாது. சிசிலி ஊர்களில் அன்று ஏழைகளையோ பிள்ளைகளையோ திருக்குடும்பமாக நிறுத்துவார்கள். அவர்கள் வீடுவீடாகக் கதவைத் தட்டுவார்கள். முதல் வீட்டில் இடமில்லை என்பார்கள், இரண்டாவது வீட்டிலும் அப்படியே. மூன்றாவது கதவுதான் திறக்கும். அவர்கள் உட்கார்ந்து உண்ட பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள், வீட்டுக்காரர் பரிமாறுவார். நம் பங்குத் திருவிழா அசனத்தில் முதல் பந்தியில் யார் உட்காருகிறார்கள் என்று நாமும் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வருகிற மார்ச் 19ஆம் தேதி உங்கள் அடுப்பில் பாஸ்தா வேகட்டும், சோறே வேகட்டும். தனியாகப் பொங்கித் தனியாகவே உண்கிற ஒருவர் உங்கள் தெருவில் இருப்பார். அவர் யாரென்று உங்களுக்கே தெரியும். அவர் வந்து தட்டமாட்டார். நீங்கள் போய் அவர் கதவைத் தட்டி அழைத்து வாருங்கள். முதல் தட்டை அவருக்கு வையுங்கள். ஆமென்.