சல்லடையில் தங்குவது

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போவதற்குள் மண் மூன்று தடவை நிறம் மாறிவிடுகிறது. மலையடியில் செம்மண்ணும் சரளையும். நடுவே ஏரிப் பாசனத்து வயல், களிமண். கடலை நெருங்க நெருங்க சவுக்குத் தோப்பு, அதன் அடியில் வெறும் மணல். எங்கள் முக்கால் ஏக்கர் சரளையில் விழுந்த பங்கு. அதனால்தான் எங்கள் கைக்கு எட்டும் விலையில் கிடைத்தது. கடப்பாரையை ஓங்கிப் போட்டால் ‘ணங்’ என்று எகிறும். மம்பட்டி பாதி இலைக்கு மேல் இறங்காது. முருங்கையும் வேம்பும் இதற்கெல்லாம் அசையாமல் வளர்கின்றன. கீரைக்கும் கேரட்டுக்கும் முள்ளங்கிக்கும்தான் பிரச்சினை. இந்த மண்ணில் முள்ளங்கி நேராக இறங்காது, கல்லைத் தொட்ட இடத்தில் இரண்டாகப் பிரிந்து கால் நீட்டிக்கொள்ளும்.

ஆகவே சல்லடை.

*

கட்டட வேலை நடக்கும் இடத்தில் மணல் சலிப்பதை எல்லாரும் பார்த்திருப்போம். கம்பி வலை அடித்த சட்டத்தைச் சாய்த்து நிறுத்தி, பின்னால் ஒரு கழியை முட்டுக் கொடுத்திருப்பார்கள். சித்தாள் மணலை வாரி வலைமேல் வீசுவார். மணல் அந்தப் பக்கம், கல் இந்தப் பக்கம். உலர்ந்த ஆற்று மணலுக்கு இதைவிட எளிய ஏற்பாடு கிடையாது. செம்மண்ணுக்கு இது ஒத்துவராது. வீசின வேகத்தில் பாதி மண் கல்லோடு சேர்ந்து முன்பக்கமே சரிந்து விழுந்துவிடும். செம்மண் வலைமேல் கொஞ்ச நேரம் நின்று ஆடவேண்டும்.

அதற்காகத் தொங்கும் சல்லடை. எட்டடிச் சவுக்குக் கழி மூன்று, உச்சியில் சேர்த்துக் கட்டி முக்காலியாக விரித்தது. கழிக்கு இந்தப் பக்கத்தில் பஞ்சமில்லை. நடுவில் நான்கு கயிற்றில் தொங்கும் சட்டம், மூன்றடி நீளம், இரண்டடி அகலம், இரண்டு இன்ச் ரீப்பர் கட்டையில் செய்தது. மூன்று பக்கம் நாலு இன்ச் உயரப் பலகை, முன்பக்கம் மட்டும் திறப்பு. முன் கயிறு இரண்டும் பின்கயிற்றைவிட ஒரு சாண் நீளம். அந்தச் சரிவு போதும். ஆட்ட ஆட்ட மண் கீழே இறங்கும், கல் தானாக முன்னே நகர்ந்து விளிம்பில் உதிரும். பாரம் முழுவதும் கயிற்றில் நிற்பதால் கைக்கு வேலை தள்ளிவிடுவது மட்டும்தான்.

வலையைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லவேண்டும். ஒன்று, அதைச் சட்டத்தின் அடியில் வெறுமனே ஆணி அடித்து நிறுத்தினால் நாலு நாளில் ஓரம் பிய்ந்து தொங்கும். வலையின் ஓரத்தை மடித்து, மேலே ஒரு பட்டைக் கட்டையை வைத்து, கட்டையோடு சேர்த்துத் திருகாணி போடவேண்டும். நடுவில் தொய்யாமலிருக்க 6 மில்லிமீட்டர் கம்பி இரண்டு குறுக்கே. மற்றொன்று, கடல் காற்று. கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு இத்தனை பக்கத்தில் சாதாரண இரும்பு வலை ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவதே பெரிது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. வெல்டு மெஷ் சற்று விலை கூட. ஆனால் பற்றவைத்த முனைகளில் பூச்சு மெலிந்திருந்தால் துரு அங்கேதான் முதலில் ஊதும். வாங்கும்போது விரலால் தடவிப் பார்த்துக்கொள்வது நல்லது.

*

வலைக்கண் எவ்வளவு? இதற்கு விடை தெரிந்துவிட்டால் மிச்சமெல்லாம் தச்சு வேலைதான்.

மண் பரிசோதனைக்கு மாதிரி கொண்டுபோனால் ஆய்வகத்தில் அதை 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலிப்பார்கள். அதற்கு மேலே நிற்பது அவர்கள் கணக்கில் மண்ணே கிடையாது. கட்டடப் பொறியாளர்களின் எல்லை வேறு: 4.75 மில்லிமீட்டருக்கு மேலே போனால்தான் அது சரளை, கீழே இருந்தால் மணல். ஒரே பிடி மண், இரண்டு துறை, இரண்டு கோடு. செடிக்கு இந்த இரண்டு கோடும் தெரியாது. வேர் கல்லைச் சுற்றிக்கொண்டு போகும். கல்லின் அடியில் ஈரம் தங்கியிருந்தால் அங்கே போய்ப் படுத்தும் கொள்ளும்.

நான் அரை இன்ச் கண்ணில் நின்றேன். நாற்று விடுவதற்கு மட்டும் கால் இன்ச்சில் ஒரு சிறிய தட்டு. கால் இன்ச்சையே எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். இந்த மண்ணில் பட்டாணி அளவு செம்புராச் சரளை ஏராளம், இரும்பேறிய சின்னச் சின்ன உருண்டைகள். கால் இன்ச் வலையில் அவை கண்ணுக்குக் கண் அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். குச்சியால் குத்திக் குத்தியே பொழுது போய்விடும். அரை இன்ச்சில் அவை மண்ணோடு இறங்கிவிடுகின்றன. இறங்கட்டும். கீரை அதைப் பொருட்படுத்தவில்லை.

கண் சின்னதாக ஆக ஆக மண் நல்லதாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. மாவு மாதிரி சலித்த செம்மண் பாத்தியில் ஒரு கனமழை பெய்து, மறுநாள் வெயில் அடித்தால் மேலே அப்பளம் மாதிரி ஒரு ஓடு கட்டிக்கொள்கிறது. முளை அதை முட்டிக்கொண்டு வரத் தவிக்கும். சின்னச் சரளை கலந்த பாத்தியில் ஓடு அவ்வளவு இறுகுவதில்லை, தண்ணீர் இறங்க வழி இருக்கும்.

*

மேஸ்திரி ஒருவர் வேலியோரம் நின்று ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஈரத்துல சலிக்காதீங்க சார், உருண்டைதான் வரும். ரெண்டு நாள் காயட்டும்” என்றார். ஐப்பசி, கார்த்திகையில் செம்மண் சல்லடையில் ஏறினால் கோலிகுண்டாக உருண்டு, கல்லைப்போலவே முன்பக்கம் வந்து விழுகிறது. எது கல், எது மண் என்று பிரிக்கக் கையால் ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்க்கவேண்டும். சித்திரையில் போனால் கட்டி வெட்டியெடுத்த செங்கல் மாதிரி. தை கடைசியும் மாசியும்தான் இதற்கான காலம். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்கவேண்டும். அதே உருண்டையைக் கட்டைவிரலால் லேசாகத் தட்டினால் பொலபொலவென்று உதிரவேண்டும். இரண்டும் நடந்தால் அன்றைக்குச் சலிக்கலாம்.

கோடை மழைக்குப் பிறகு இன்னொரு சிறிய வாய்ப்பு வரும். சில வருடம் வராது.

*

சட்டத்தில் இரண்டு சட்டி மண் கொட்டி முதல் தள்ளு தள்ளும்போது கல் எதுவும் கண்ணில் படாது. நான்கைந்து ஆட்டத்தில் பெரிய கற்கள் மேலே வந்துவிடுகின்றன. பொடி, கல்லுக்கு அடியில் உள்ள இடுக்குகளில் இறங்கி இறங்கி, கல்லை மேலே ஏற்றிவிடுகிறது. நிலத்திலும் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் புதிதாகக் கல் முளைத்த மாதிரி தெரிவது உண்டு. கல் முளைப்பதில்லை, சுற்றியிருந்த பொடி மண் தண்ணீரோடு போய்விடுகிறது. ஆக, பொறுக்கி முடித்த இடத்தில் அடுத்த மழைக்குக் கல் தெரிந்தால் அது மண் போன கணக்கு. அப்போது குனிந்து கல்லைப் பொறுக்குவதைவிட வரப்பைப் பார்ப்பது மேல்.

பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் நினைக்கத் தோன்றாது. கயிறு கழியில் உரசும் சத்தம், வலையில் மண் இறங்கும் சத்தம், விளிம்பிலிருந்து கல் உதிரும் சத்தம். மூன்றும் ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டால் அன்று வேலை நன்றாகப் போகிறது என்று பொருள். மண்புழு வலையில் மாட்டினால் ஆட்டத்தை நிறுத்தவேண்டும். மரவட்டை வட்டமாகச் சுருண்டுகொண்டு தன்னைக் கல் என்று காட்டிக்கொள்ளும். தேளும் வரும், ஆகையால் கையுறை இல்லாமல் கை வைக்கக் கூடாது.

*

ஒரு கன அடி செம்மண் ஏறக்குறைய 40 கிலோ. பத்தடிக்கு நாலடிப் பாத்தி, முக்கால் அடி ஆழம்: 30 கன அடி, 1,200 கிலோ. இது ஒரு பாத்திக்கு. ஒரு ஏக்கரை அரை அடி ஆழத்துக்குச் சலிப்பதென்றால் 870 டன் வருகிறது. பத்து டன் லாரி 87 நடை. இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தவர் நிலம் முழுவதையும் சலிக்கக் கிளம்பமாட்டார். பாத்தி ஐந்தாறு, நாற்றங்கால் ஒன்று. மரக்குழிக்குச் சலிப்பே தேவையில்லை, கைக்கு அடங்காத கல்லை மட்டும் எடுத்துப் போட்டால் போதும்.

சலித்ததில் கல் போன பங்குக்கு ஏதாவது இட்டு நிரப்பவேண்டும். செங்கல்பட்டு மாவட்டத்தில் அதற்கு ஏரி இருக்கிறது. மதுராந்தகம், கொளவாய் என்று பெரிய பெயர்களை விடுங்கள், ஊருக்கு ஊர் ஒன்று உண்டு. கோடையில் வற்றினால் அடியில் வண்டல். ஏரி, குளத்து வண்டலை விவசாயத்துக்குக் கட்டணமில்லாமல் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று 2024இல் நடைமுறையை எளிதாக்கினார்கள். முன்பு இதற்கு மாவட்டத் தலைநகருக்கு அலையவேண்டியிருந்தது. சலித்த செம்மண் இரண்டு பங்கு, வண்டல் ஒரு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு. இந்தக் கலவையில் முள்ளங்கி நேராக இறங்குகிறது.

கல்லை என்ன செய்வது என்று கேட்பார்கள். சரிவுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு அடுக்கினால் கல்வரப்பு. தண்ணீர் கசிந்து போகும், மண் நின்றுவிடும். சின்னவற்றை எலுமிச்சை மரத்தடியில் பரப்பினால் வெயில் நேரே மண்ணைத் தொடாது, ஈரம் கூடுதலாக இரண்டு நாள் நிற்கும். எடுத்த கல் எங்கள் வேலியைத் தாண்டிப் போகவில்லை.

*

தங்கிய கல்லைக் கழுவிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று செம்புரா, பொத்தல் விழுந்த துருச்சிவப்பு. மற்றது வெளியே காவி படர்ந்து, உடைத்தால் உள்ளே எண்ணெய் மினுக்கோடு கருநீலமாக இருப்பது. ஜல்லிக்காக உடைப்பதும் இதைத்தான். இந்தக் கல்லுக்குப் புவியியலில் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கம்பெனி அதிகாரியின் கல்லறையில் பதித்த பலகை நம் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல். தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் அதை ஆராய்ந்து 1893இல் சார்னாக்கின் பெயரையே கல்லுக்கு வைத்தார். செங்கல்பட்டுக் கல்லுக்குக் கல்கத்தாவில் செத்தவரின் பெயர்! மலை பேசாது, அதனால் ஆட்சேபம் இல்லை.

அதே பல்லாவரம்தான் இன்னொன்றுக்கும் இடம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30 அன்று அங்கே பரேடு மைதானத்தை ஒட்டிய சரளைக் குழியில் வெட்டிப் போட்டிருந்த கல்லுக்கிடையே ஒன்றை எடுத்தார். மனிதன் செதுக்கிய கைக்கோடரி. இந்தியாவில் பழங்கற்காலம் என்று ஒன்று இருந்ததற்கு அதுவே முதல் சாட்சி. அந்த ஆண்டு செப்டம்பரில் அவரும் சக புவியியலாளர் வில்லியம் கிங்கும் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த அத்திரம்பாக்கத்திலும் அப்படிக் கருவிகளைக் கண்டார்கள். இன்று அது திருவள்ளூர் மாவட்டம். தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அங்கே 1999 முதல் அகழ்ந்து, கருவிகளின் காலம் ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் வெளியிட்டார்கள். ஃபூட் பார்த்த சரளைக் குவியலை அவருக்கு முன் எத்தனையோ பேர் கூடையில் வாரியிருப்பார்கள்.

மதுராந்தகம் பக்கம் சானூரிலும், குன்னத்தூரிலும் 1950களில் பெருங்கற்காலக் கல்லறைகளைத் தோண்டினார்கள். வட்டமாக நட்ட கல், உள்ளே ஈமப்பேழை, கறுப்பு சிவப்புப் பானை. இந்த மாவட்டத்துக் கல்வட்டங்களைப் பற்றித் தொல்லியலாளர்கள் கவனித்துச் சொன்ன ஒன்று எனக்குப் பிடித்தது: அவை பெரும்பாலும் குன்றடியின் கரட்டு நிலத்திலேயே இருக்கின்றன. ஏர் ஓடும் மண்ணையும் நீர் நிற்கும் பள்ளத்தையும் இருப்பவர்களுக்கு விட்டுவிட்டு, செத்தவர்களைச் சரளைக்கு அனுப்பியிருக்கிறார்கள். மண்ணைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள். அவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய தரத்து நிலத்தைத்தான் நாம் இப்போது மனை போட்டு விற்கிறோம், வாங்குகிறோம், சலிக்கிறோம்.

*

ஆகையால் இந்தப் பக்கத்தில் தோட்டத்துக்காக மண் சலிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். சல்லடையில் தங்கியதை வரப்பில் கொட்டுவதற்கு முன் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். இரண்டு பக்கமும் செதில் செதிலாகத் தட்டி, ஓரம் கூராக்கிய கல்லோ, உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான ஓடோ தென்பட்டால் சுரண்டித் தேய்க்காதீர்கள். தோண்டுவதை நிறுத்தி, எடுத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்து, படம் எடுத்து, வட்டாட்சியர் அலுவலகத்திலோ மாநிலத் தொல்லியல் துறையிலோ சொல்லுங்கள். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் மண்ணில் கிடைத்தால் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்கவேண்டும் என்ற 1878ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் இருக்கிறது.