உள்ளே வந்த உப்பு

அம்பத்தூர் ஏரிக்கரையில் காலைவேளையில் என்னோடு உலாவ வரும் பெரியவர் ஒருவர், சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். பிச்சாவரத்துக்குப் போய்வந்த கதையை ஒருநாள் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். படகில் போகிறவர்கள் எல்லாரும் சுரபுன்னை மரங்களைப் பார்க்கிறார்கள். என் கண்ணில் பட்டது சேற்றில் நின்ற ஒரு புல்.

புல் என்றாலும் அது நெல்லுக்கு நெருங்கிய சொந்தம். ஒரைசா கோர்க்டாட்டா என்பது சாஸ்திரப் பெயர். வங்காளத்தில் 'தானி காஸ்' என்கிறார்கள்; நெற்புல் என்று அர்த்தம். சுந்தரவனத்துச் சேற்றில் நாளுக்கு இரண்டு தடவை ஓதம் ஏறி அதை மூழ்கடித்துவிட்டு இறங்கும். கடல் நீரிலுள்ள உப்பில் பத்தில் ஒரு பங்கு வயலில் ஏறினாலே நம் நெல் வாடிவிடும். (அம்பத்தூரும் ஆவடியும் நெல் விளைந்த ஊர்கள்தாம், இப்போது சொன்னால் யார் நம்புகிறார்கள்?)

சுரபுன்னை ஆசாரக்காரன். உப்பில் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடும். புல்லுக்கு அந்த வைராக்கியம் இல்லை. உப்பு உள்ளே வந்துவிடுகிறது. வந்ததை இலையின் மேற்புறத்து நுண்ணிய மயிர்கள் வழியே வெளியே தள்ளுகிறது. அடுத்த ஓதம் அதைக் கழுவிக்கொண்டு போகிறது.

"நான் அந்தப் புல்லு ஜாதி, ஸார்" என்றார் பெரியவர்.

அவருடைய ஆபீஸில் மாதக் கடைசியில் மேஜைக்கு மேஜை கவர் வருமாம். மறுத்தவனுக்குத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல். வீட்டிலோ படுத்த படுக்கையாக அம்மா. வாங்கினார். ஆனால் அதில் ஒரு காசு வீட்டுக்குப் போகவில்லை; பியூனுடைய பெண்ணின் படிப்புக்குப் போயிற்று. 11 வருஷம். அந்தப் பெண் இப்போது நர்ஸ்.

இதை யோக்கியம் என்பதா? கைபடாதவனைத்தான் நாம் கும்பிடுகிறோம். ஆனால் சுந்தரவனத்தில் புதிதாகப் படிகிற சேற்றில் முதலில் குடியேறி மண்ணைக் கட்டிப்பிடிப்பது இந்தப் புல்தான். மரங்கள் பிறகுதான் வருகின்றன. இதைச் சொல்லிச் சமாதானப்படுத்தப் பார்த்தேன். அவர் பதில் பேசவில்லை.

இன்னொன்றும் உண்டு. புல் எல்லா உப்பையும் தள்ளிவிடுவதில்லை. கொஞ்சம் உள்ளேயே தங்குகிறது. அதன் உயிரணுவிலுள்ள ஒரு நொதியைக் கல்கத்தா போஸ் ஆராய்ச்சிக்கூடத்தார் பரிசோதித்து 2004-ல் எழுதினார்கள். அதே நொதி நெல்லிலும் இருக்கிறது. உப்பு மிகுந்தால் நெல்லினுடையது வேலையை விட்டுவிடுகிறது. புல்லினுடையது தன்பாட்டுக்கு வேலை செய்கிறது. அதற்கான மரபணுவைப் புகையிலைச் செடியில் ஏற்றினார்கள். புகையிலையும் உப்பைத் தாங்கிற்று. வெளியே தள்ளுவது பாதிச் சாமர்த்தியம்தான். தங்கிய உப்பு வேலையைக் கெடுத்ததா என்றல்லவா கேட்கவேண்டும்?

கேட்டேன். கேட்டிருக்க வேண்டாமோ என்னவோ. பெரியவர் கொஞ்சதூரம் பேசாமல் நடந்தார்.

"ஒரே ஒரு ஃபைல், ஸார். பூந்தமல்லிப் பக்கத்து நிலம். நன்செய் என்று இருந்ததை மனைக்கட்டு என்று எழுதிவிட்டேன். அந்த மாதத்துக் கவரையும் பியூனிடம்தான் கொடுத்தேன்."