பூனையும் ஓர் அமானிதமே

அல்ஹம்துலில்லாஹ். ஜும்ஆத் தொழுகைக்கு வந்திருக்கும் அல்லாஹ்வின் நல்லடியார்களே! அல்லாஹ்வை அஞ்சி வாழுமாறு முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் வஸிய்யத் செய்கிறேன்.

ஒரு பூனையின் காரணமாக ஒரு பெண் நரகம் சென்றதை நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் உள்ள ஹதீஸ் இது. அவள் பூனையை அடைத்து வைத்தாள். தானும் உணவளிக்கவில்லை, அதுவே இரை தேடித் தின்னும்படி விடவும் இல்லை. பூனை வைத்திருந்தது அவள் குற்றமல்ல. அதன் உயிரைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு பொறுப்பைக் கைவிட்டதே குற்றம்.

இன்று சிலர், "வளர்க்க முடியவில்லை, அதனால் கீழே விட்டுவிட்டேன். அடைத்து வைக்கவில்லையே" என்று மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். சகோதரர்களே, சிந்தித்துப் பாருங்கள். குட்டியிலிருந்து வீட்டுக்குள் தட்டில் உண்டு வளர்ந்த பூனைக்கு இரை தேடத் தெரியாது. வாகனத்துக்கு ஒதுங்கத் தெரியாது. அதை வெற்றுத்தளத்தில் விட்டுச் செல்வது விடுதலை அல்ல. அந்தப் பெண் செய்ததையே கதவுக்கு வெளியே செய்வதாகும். நம் நாட்டுச் சட்டப்படியும் அது குற்றம்.

சிங்கப்பூரில் 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீடுகளில் 2 பூனைகள் வரை வளர்க்க அனுமதி உண்டு. உரிமம் பெற வேண்டும், நுண்சில்லு பொருத்த வேண்டும். இவற்றைச் சுமையாக எண்ணாதீர்கள். 'இந்த உயிருக்கு நான் பொறுப்பு' என்று நாம் தரும் வாக்குறுதி அது. பிள்ளைகள் கேட்டார்கள் என்று வாங்குமுன், நோய் வந்தால் சிகிச்சைக்குச் செலவழிக்க முடியுமா, வீடு மாறினால் உடன் அழைத்துச் செல்வோமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சன்னல்களுக்கு வலை போடுங்கள்.

புளோக்கின் கீழே வாழும் பூனைகளின் நிலை வேறு. அந்த இடமே அவற்றின் வீடு. உங்களில் பலர் தினமும் உணவு வைக்கிறீர்கள். அல்லாஹ் அதற்குக் கூலி தருவான். ஆனால் உணவோடு நம் கடமை முடிவதில்லை. பூனையின் கருக்காலம் ஏறத்தாழ 2 மாதம்தான். பிறந்து 6 மாதம் ஆகுமுன்பே கருத்தரிக்கவும் கூடும். குட்டிகள் பெருகுகின்றன; பல நோயிலும் விபத்திலும் மடிகின்றன; அண்டை வீட்டாரின் வெறுப்பும் வளர்கிறது.

இதற்காகத்தான் பூனையைப் பிடித்து, கருத்தடை செய்து, வீடு கிடைத்தால் வீட்டிலும், இல்லையேல் பிடித்த இடத்திலேயே விட்டும் பராமரிக்கும் திட்டம் நடக்கிறது. "அல்லாஹ்வின் படைப்பை மாற்றலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. விலங்குகளுக்குக் கருத்தடை செய்வதில் முற்கால இமாம்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. பூனைகள் பெருகித் தொல்லையாகும்போது, மருத்துவர் மயக்க மருந்து தந்து துன்பமின்றிச் செய்யும் சிகிச்சையைத் தற்கால அறிஞர்கள் சிலர் அனுமதித்துள்ளனர். கொல்வதைவிட அது மேலானது என்கின்றனர். தயக்கம் உள்ளவர்கள் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். காது நுனி வெட்டப்பட்ட பூனையைக் கண்டால், யாரோ அதைத் துன்புறுத்தியதாக எண்ணாதீர்கள். கருத்தடை முடிந்ததற்கான அடையாளம் அது.

ஆக, ஒரே 'விடுதல்' தெருப் பூனைக்கு அருள். வீட்டுப் பூனைக்கு அநீதி. இந்த வேறுபாட்டை அறிவதே அமானிதத்தைப் பேணுவது.

அபூ கதாதா (ரலி) அவர்கள் உளூச் செய்ய மருமகள் தண்ணீர் ஊற்றியபோது ஒரு பூனை குடிக்க வந்தது. அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். வியந்து பார்த்த மருமகளிடம், பூனை அசுத்தமானதல்ல, நம்மைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என நபி (ஸல்) அவர்கள் கூறியதை நினைவூட்டினார்கள். உங்களைச் சுற்றி வரும் உயிருக்கு இந்த வாரம் எந்தப் பாத்திரத்தைச் சாய்க்கப் போகிறீர்கள்?

யா அல்லாஹ்! வாயில்லா ஜீவன்கள் மறுமையில் எங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லாத வாழ்வை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.