போலியின் பொய் எவ்விடத்தது?

கொழிஞ்சாம்பாறைக் கடைத்தெருவில் கடிகாரம் பழுது பார்க்கும் அன்பர் ஒருவரின் சிறு கடையில் நாம் அமர்ந்திருந்த ஒரு மாலைவேளையில், முதியவர் ஒருவர் கைக்குட்டையிற் பொதிந்து கொணர்ந்த கைக்கடிகாரமொன்றை அவர்முன் வைத்து, "ஓட்டத்தில் குறையில்லை தம்பி, ஒருமுறை திறந்து துடைத்துக் கொடுத்தால் போதும்" என்றார். மூணாற்றுத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பதாண்டுகளுக்கு மேல் உழைத்து, ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டை ஒழித்துக் கொடுத்து, உறவினரை அண்டிப் பாலக்காட்டு எல்லைக்கு இறங்கி வந்தவர் அவர். கடிகாரமோ, துபாயில் வேலை பார்க்கும் மகன் விடுமுறைக்கு வந்தபோது தந்தையின் கையிற் கட்டிவிட்டது. அதன் முகப்பில் ரோலெக்ஸ் என்னும் பெயரும் சிறு கிரீடமும் பொறிக்கப்பட்டிருந்தன.

அன்பர் பூதக்கண்ணாடியைக் கண்ணிற் செருகிப் பின்மூடியைத் திறந்தார். உள்ளே பிளாஸ்டிக் சட்டமும் ஒரு பொத்தான் பாட்டரியும் இருந்தன. அவர் நிமிர்ந்து நம் முகத்தைப் பார்த்தார். நாம் இலேசாகத் தலையசைத்தோம். சொல்ல வேண்டா என்பதே அவ்வசைவின் பொருள். அவர் அவ்வாறே துடைத்து மூடிக் கூலியும் வாங்காது கொடுத்தனுப்பினார். அன்றைக்கு நாம் செய்தது கருணை என்றே நாம் நம்பினோம்.

முதியவர் சென்ற பின், உண்மைக் கடிகாரத்தை அறிவது எவ்வாறு என்று அன்பரை வினவினோம். ஆலையில் நூற்புப் பொறிகளுடன் காலங் கழித்த நமக்குப் பொறியின் செய்தி என்றால் இன்றும் ஒரு பசியுண்டு. அவர் கூறியதன் சாரம் இது. சாவி கொடுத்தோ கையசைவினாலோ ஓடும் கடிகாரத்தில் வில்லின் விசையைப் பாலன்ஸ் சக்கரம் அளந்து விடுகிறது. பழைய எச்.எம்.டி. ஜனதாவில் அச்சக்கரம் மணிக்கு 18,000 முறை அடிக்கும்; அஃதாவது நொடிக்கு ஐந்து. இக்கால ரோலெக்ஸில் மணிக்கு 28,800, நொடிக்கு எட்டு. ஆகவே நொடிமுள் வழுக்குவதுபோல் செல்லும். குவார்ட்ஸ் கடிகாரத்திலோ பளிங்குத் துண்டொன்று நொடிக்கு 32,768 முறை அதிர, அதனை மின்சுற்று எண்ணி நொடிக்கு ஒருமுறை முள்ளை உந்துவதால் முள் தாவித் தாவிச் செல்லும். ரோலெக்ஸ் நிறுவனமும் 1977 முதல் சில காலம் பாட்டரிக் கடிகாரம் செய்ததுண்டு. ஆயினும் அதன் உள்ளமைப்பைக் கண்டவர் இப்பிளாஸ்டிக் சட்டத்தோடு மயங்கார். தேதியின்மேல் பதித்த கண்ணாடி இரண்டரை மடங்கு பெருக்கிக் காட்ட வேண்டும். போலியில் எண் பெரும்பாலும் சிறுத்தே நிற்கும். எழுத்தின் ஓரம் கூர்மையாயிருக்க வேண்டும்.

"ஆனால் இதெல்லாம் மலிந்த போலிக்குத்தான் ஐயா" என்றார் அவர். "இப்போது உயர்தரப் போலியென்று வருகிறது. அதிலும் பாலன்ஸ் சக்கரம் எட்டுத் தட்டுத்தான் தட்டுகிறது. எண்ணும் அச்சும் பெட்டியும் சீட்டும் எல்லாம் உண்டு. உள்ளிருக்கும் பொறியை அக்கக்காகப் பிரித்துப் பார்த்தால்தான் எனக்கே தெரியும்."

இவ்விடத்தில் நம் சிந்தை ஒரு முட்டுச் சந்தில் நின்றது. சுவிட்சர்லாந்தின் காலமானிச் சோதனையில் தேறும் கடிகாரம் நாளொன்றுக்கு நான்கு நொடி பிந்தலாம், ஆறு நொடி முந்தலாம். ரோலெக்ஸ் தனக்கென வகுத்த அளவு இரண்டு நொடி. எளிய குவார்ட்ஸ் கடிகாரமோ மாதம் முழுவதிலும் ஏறத்தாழ பதினைந்து இருபது நொடியே தவறும். எனவே அம்முதியவர் கையிலிருந்த போலி, பல இலட்சம் பெறும் மெய்க் கடிகாரத்தினும் திருத்தமாக மணி காட்டியிருத்தல் கூடும்! கடிகாரத்தின் தொழில் மணி காட்டுதல். அத்தொழிலைச் செவ்வனே செய்வதைப் பொய்யென்று எவ்வாறு கூறுவது? நாம் வேலை பார்த்த ஆலையில் சங்கு ஊதி ஐந்து நிமிடம் கழித்து வாயிலை அடைந்தவனுக்கு அரைநாட் கூலி போகும். அவன் கைக்கடிகாரத்தின் பெயரை அங்கே யாரும் வினவியதில்லை. பெயருக்காகப் பல இலட்சம் கொடுப்பவனே ஏமாளி, மலிவாக மணியறிபவன் அறிவாளி என்று வாதிடுவார் உளர்; அவ்வாதத்தில் நமக்கும் சற்று ஆசை இருந்தது என்பதை மறைக்க மாட்டோம்.

அவ்வாசையைக் கலைத்தது கடிகாரமன்று, வெல்லம். உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக மறையூருக்கு ஏறுவோர் கரும்பு வயல்களையும் காய்ச்சும் ஆலைகளையும் கண்டிருப்பர். இடுக்கி மாவட்டத்தின் மறையூர், காந்தளூர்ப் பகுதிகளில் உருட்டப்படும் அவ்வெல்லத்திற்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் சமவெளியிலிருந்து மலையேறும் வெல்லமும் மறையூர் வெல்லமென்னும் பெயரில் விற்கப்படுகிறது. சமவெளி வெல்லமும் இனிப்புத்தானே? ஆம், இனிப்புத்தான். அதனைச் செய்தவனும் நம்போன்ற உழைப்பாளிதான். தன் ஊர்ப் பெயரில் அதனை அவன் விற்பானாகில் ஒரு குற்றமுமில்லை. ஆனால் பெயரை மாற்றிய மாத்திரத்தில், மலைமேல் விறகடுக்கிப் பாகு பதம் பார்த்து நிற்பவனுக்குச் சேரவேண்டிய விலை வேறொருவன் மடியிற் சென்று விழுகிறது. நாவுக்கு நட்டமில்லை, கைக்கு நட்டம். எனவே பொய் பண்டத்தில் இல்லை, பண்டத்தின்மேல் ஏற்றிய சொல்லிலே இருக்கிறது. அதே பாட்டரிக் கடிகாரத்தின் முகப்பில் எப்பெயரும் இல்லாதிருப்பின் அது முற்றும் மெய்க் கடிகாரம்.

இதனினும் சிக்கலான ஒன்று நம் நாட்டிலேயே நடைபெறுகிறது. 1961ஆம் ஆண்டில் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தார் துணையுடன் பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியது. பதினேழு கல் பதித்த அக்கடிகாரம் மணமகனுக்கும் வேலையில் ஓய்வு பெறுபவனுக்கும் பரிசாக வீடுதோறும் புகுந்தது. குவார்ட்ஸ் வந்தபின் நிறுவனம் நலிந்து, அதன் கடிகாரப் பிரிவை மூடுவதற்கு 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மூடிய பின்னரே பழைய எச்.எம்.டி.க்கு மவுசு கூடிற்று. உடனே மும்பைப் பட்டறைகளில் பழைய கடிகாரங்களின் முகப்பைச் சுரண்டி, அத்தொழிற்சாலை ஒருநாளும் தீட்டாத நிறங்களைத் தீட்டி, ஒன்றன் முள்ளை மற்றொன்றிற் பொருத்தி, பழைமை மாறாதது என்று விற்கின்றனர். உள்ளிருக்கும் பொறி பெங்களூர்த் தொழிலாளியின் கைப்பட்ட மெய்ப்பொறி, முகமோ பொய். இது மெய்யா, போலியா? தேரின் சக்கரமோ அச்சோ தேரன்று என்று நாகசேனர் மிலிந்த மன்னனுக்குக் காட்டிய வழியிற் பார்த்தால், கடிகாரம் என்னும் ஒன்று எவ்வுறுப்பிலும் தனியே இல்லை. ஆனால் விற்பவன் கூறும் சொல் இருக்கிறது. "முகப்புப் புதிது, பொறி பழையது" என்று கூறி விற்பின் அவன் குற்றமற்றவன். வாய் மூடியிருந்து அதிக விலை பெற்றால் திருடன்.

வாய் மூடியிருந்து! இச்சொல்லை எழுதும்போதே நம் கை தயங்குகிறது.

சட்டமும் இவ்விஷயத்தில் கண்டிப்பானது. போலிப் பெயர் பொறித்த பண்டத்தை விற்பவனுக்கு 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டம் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 123ஆம் பிரிவு இன்னும் விந்தையானது. கடத்தல் பொருளென நியாயமாக நம்பிப் பறிமுதல் செய்யப்பட்டவற்றுள் பொன்னையும் கைக்கடிகாரத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவை கடத்தப்பட்டவை அல்லவென்று மெய்ப்பிக்கும் பாரத்தை வைத்திருந்தவன் தலையிலேயே அது ஏற்றுகிறது. ஆயினும் அறிந்தும் கூறாத சான்றோனைப் பற்றிச் சட்டம் ஒன்றும் பேசக் காணோம். அது நம்போன்றோர் தாமே தீர்த்துக்கொள்ள வேண்டிய வழக்குப் போலும்.

எட்டு மாதங் கழிந்தபின் நடந்ததைக் கூறுவோம். பேத்தியின் செவிலியர் படிப்புக்குப் பணம் தேவைப்பட, முதியவர் அக்கடிகாரத்தை அண்டை வீட்டாரிடம் ஈடாக வைத்து நாற்பதினாயிரம் ரூபாய் பெற்றார். அண்டை வீட்டார் கந்துவட்டிக்காரரல்லர். சித்தூர்ப் பக்கம் தென்னையேறிச் சேர்த்த பணம் அது. கொடுக்குமுன் அவர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். முதியவர் கூசாமல், "கடைக்காரத் தம்பி திறந்து பார்த்தார், பெரியவர் ஒருவரும் உடனிருந்தார். போலியானால் சொல்லியிருக்க மாட்டார்களா?" என்று விடையளித்திருக்கிறார். நம் தலையசைவு அங்கே சான்றிதழாயிற்று. மகன் பொய்யறிந்து வாங்கினானோ, அவனும் ஏமாந்தானோ, நாமறியோம். அண்டை வீட்டார் ஓர் அவசரத்திற்கு அதனைக் கோயமுத்தூரில் விற்கச் சென்றபோதுதான் உண்மை வெளிப்பட்டது.

நாம் முதியவரிடம் சென்று அன்றே அறிந்திருந்தோம் என்று கூறினோம். அவர் சினங்கொள்ளவில்லை. வெகுநேரம் பேசாதிருந்து, "என் மனம் நோகுமென்று நினைத்தீர்களா ஐயா? அட்டையும் பனியும் தின்ற உடம்பு இது. இதைத் தாங்காதா?" என்றார். அக்கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. பிறர் நோவைத் தாங்காரென்று நாமே முடிவு செய்வதில் எவ்வளவு அகந்தை ஒளிந்திருக்கிறதென்பது அவ்வேளையிற்றான் நமக்கு உறைத்தது.

கடன் தவணை தவணையாக அடைபட்டு வருகிறது. அதில் நம் பங்கும் பழுது பார்க்கும் அன்பர் பங்கும் உண்டு. திரும்பி வந்த கடிகாரத்தை முதியவர் மீண்டும் கட்டிக்கொண்டார். ஆனால் முகப்பில் அப்பெயரை மட்டும் அழித்துத் தரும்படி அன்பரிடம் கேட்டு, வெற்று முகப்புடன் அணிந்திருக்கிறார். மகனுக்கு இன்னும் செய்தி சொல்லப்படவில்லை. அடுத்த விடுமுறைக்கு அவன் வருமுன் சொல்லிவிட வேண்டுமென்பது நம் கருத்து. வந்து தானே பார்க்கட்டும் என்கிறார் முதியவர்.