திருப்பிக் கொடுக்கும் கை

கொடுக்கும் கை மேலே இருக்கும், வாங்கும் கை கீழே இருக்கும் என்பது கொடையின் இயல்பு. ஆனால், முன்னொரு நாள் பறித்துக்கொண்ட பொருளையே இன்று திருப்பி நீட்டும் கையை எந்த உயரத்தில் வைப்பது? கனடா நாட்டின் பூர்வகுடி மாணவர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் பள்ளிகளும் சமூகத் திட்டங்களும் இன்று வழங்கும் உதவிகளை எண்ணும்போதெல்லாம் இக்கேள்வி நம் முன் வந்து நிற்கிறது.

அந்நாட்டில் விடுதிப் பள்ளிகள் என்றொரு ஏற்பாடு இருந்தது. அரசு பணம் கொடுத்தது. கிறித்தவத் திருச்சபைகள் நடத்தின. 1880களில் பரவத் தொடங்கி 1990களின் இறுதி வரை நீடித்த அப்பள்ளிகளில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் வைக்கப்பட்டனர். 1920ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம், பிள்ளையை அனுப்ப மறுத்த பெற்றோரைக் குற்றவாளிகளாக்கியது. வாயிலில் நுழைந்ததும் குழந்தையின் கூந்தல் வெட்டப்பட்டது, பெயர் மாற்றப்பட்டது, பல பள்ளிகளில் பெயருக்குப் பதில் எண்ணே வழங்கிற்று. தாய்மொழி பேசிய வாய்க்குத் தண்டனை கிடைத்தது. அங்கே காசநோயால் குழந்தைகள் மடிவதை அரசின் மருத்துவ அதிகாரி பீட்டர் பிரைஸ் 1907இலேயே அறிக்கையாக எழுதிக் கொடுத்தார். அரசு அதைப் படித்தது; பள்ளிகளை நிறுத்தவில்லை. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் மரணத்தை உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் பதிவு செய்தது.

அப்பள்ளிகளில் பணியாற்றிய அனைவரும் கொடியவர்கள் என்று சொல்லிவிட்டால் நம் வேலை எளிதாகிவிடும். அவர்களுள் பலர் தாம் நன்மை செய்வதாகவே நம்பினர். எழுத்து நல்லது, கணக்கு நல்லது, தொழில் நல்லது. ஆகவே அவற்றைக் கொடுக்கும் வழியும் நல்லதே என்று அவர்களின் எண்ணம் ஓடியது. பிழை எங்கே? பிள்ளைக்கு நோய் என்றும், அந்த நோயின் பெயர் பெற்றோர் என்றும் அவர்கள் முடிவு செய்ததில்தான். பெற்றோருடன் வாழும் வரை பிள்ளை கல்வி கற்றாலும் மாறாது என்பது அன்றைய பிரதமர் ஜான் மெக்டொனால்டு 1883இல் நாடாளுமன்றத்தில் வெளிப்படையாகவே முன்வைத்த வாதம். நோக்கம் தூயதாக இருந்தாலும், யாருக்கு உதவுகிறோமோ அவரைச் சார்ந்தோரை இழிவாகக் கருதும் உதவி உதவியாகுமா?

இதனை மனத்தில் இருத்திக்கொண்டு இன்றைய பள்ளிக்கூடத்தைப் பார்ப்போம். பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு பூர்வகுடித் தாய் வரவில்லை. பிள்ளையின் படிப்பில் அவளுக்கு அக்கறை இல்லை என்று ஆசிரியர் குறித்துக்கொள்கிறார். அவளுடைய தாயும் பாட்டியும் எத்தகைய வாயிலின் வழியாக இழுத்துச் செல்லப்பட்டனர் என்பது அந்தக் குறிப்பேட்டில் இல்லை. அக்கறை இல்லாமை வேறு, அச்சம் வேறு அன்றோ! 1995இல் தொடங்கப்பட்ட பூர்வகுடிக் குழந்தைகளுக்கான முன்பள்ளித் திட்டம் இதனை ஓரளவு உணர்ந்திருந்தது. உணவும் உடல்நலமும் மட்டுமன்றி, மொழியும் பண்பாடும் பெற்றோரின் பங்கும் அதன் அடிப்படைகளாக வைக்கப்பட்டன. நோவா ஸ்கோஷியாவில் மிக்மாக் மக்கள் 1990களின் இறுதியில் தம் பள்ளிகளின் நிருவாகத்தைத் தாமே ஏற்றனர். பின்னர் அப்பிள்ளைகளுள் உயர்நிலைக் கல்வியை முடிப்போர் விகிதம் ஏறத்தாழ 90 விழுக்காட்டை எட்டியது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். தாய்மடி அறியாமல் விடுதியில் வளர்ந்தவர்க்குப் பிள்ளை வளர்க்கும் வகை எப்படித் தெரியும்? அத்தகைய வீடுகள் சிலவற்றில் குடியும் அடியும் இருக்கின்றனவே. அங்கே குழந்தையை விட்டுவைப்பது அறமா? மெய்தான், துன்பம் இருக்கிறது. ஆனால், வீடு சிதைந்தால் வீட்டைச் செப்பனிடுவதா, பிள்ளையைத் தூக்கிச் செல்வதா? 2021ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, கனடாவின் குழந்தைகளில் பூர்வகுடியினர் 7.7 விழுக்காடே; வளர்ப்புக் குடும்பங்களில் வைக்கப்பட்ட குழந்தைகளிலோ 53.8 விழுக்காடு. பள்ளி செய்த வேலையை வேறொரு துறை செய்துகொண்டிருக்கிறது என்று பூர்வகுடி மக்கள் கூறுவதை மறுப்பது கடினம்.

மானிட்டோபாவைச் சேர்ந்த ஜோர்டன் ரிவர் ஆண்டர்சன் 1999இல் நோயுடன் பிறந்த ஒரு பூர்வகுடிச் சிறுவன். இரண்டு வயதில் மருத்துவமனையை விட்டுச் செல்லலாம் என்றனர் மருத்துவர்கள். வீட்டில் அவனைப் பராமரிக்கும் செலவு யாருடையது என்று மத்திய அரசும் மாகாண அரசும் வழக்காடின. வழக்காடல் முடியவில்லை, 2005இல், ஐந்து வயதில், ஒரு நாளேனும் வீட்டில் உறங்காமல் அவன் மருத்துவமனையிலேயே மறைந்தான். முதலில் செலவிடு, கணக்கைப் பின்னர் தீர்த்துக்கொள் என்னும் நெறி அவன் பெயராலேயே வழங்குகிறது. 2007இல் நாடாளுமன்றம் அதை ஏற்றது. பள்ளியில் தனித் துணையாசிரியர் தேவைப்படும் பிள்ளைக்கும் அந்நெறி பொருந்தும். கொடையாளன் எப்போது கொடுப்பது என்று யோசிக்கலாம். கடனாளிக்கு அந்த உரிமை இல்லை.

இடையே ஒன்று சொல்ல வேண்டும். டொரான்டோ நகரின் பள்ளி வாரியம் நடத்தும் தாய்மொழி வகுப்புகளில் தமிழும் உண்டு. நம்மவர் பிள்ளைகள் அங்கே அகரம் பயில்வது கண்டு மகிழ்கிறோம். கடல் கடந்து சென்ற மொழிக்குக் கிடைத்த இருக்கை, அம்மண்ணிலேயே பிறந்த மொழிகளுக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டது என்பதும் அம்மகிழ்ச்சியோடு சேர்த்து நினைக்கத்தக்கது.

ஆல்பர்ட்டாவில் புளூ குவில்ஸ் என்னும் விடுதிப் பள்ளியை 1970இல் அரசு கைவிட முனைந்தபோது, பெற்றோர் தம் பிள்ளைகளோடு கட்டடத்துக்குள் சென்று அமர்ந்துவிட்டனர். அப்பள்ளியை நாங்களே நடத்துவோம் என்பதே அவர்களின் கோரிக்கை. இரண்டு வாரங்களுக்கும் மேலாக அமர்ந்திருந்தனர், அரசு இணங்கியது. தம்மை அழவைத்த சுவர்களை அவர்கள் இடிக்கவில்லை. அங்கு இன்று பூர்வகுடியினரின் பல்கலைக்கழகம் நடக்கிறது. மேற்குக் கரையில் அலர்ட் பே என்னும் ஊரார், தம் ஊரில் நின்ற விடுதிப் பள்ளியை 2015இல் இடித்துத் தரைமட்டமாக்கினர். இவற்றுள் எது சரி என்று வெளியாரைக் கேட்டால் ஆளுக்கொரு விடை சொல்வர். இரண்டு ஊர்களிலும் எவரும் வெளியாரைக் கேட்கவில்லை.