முந்தியவரும் உரியவரும்

ஓரிடத்தில் முந்தி வழிபட்டவர் எவரோ அவர்க்கே அவ்விடம் உரியது என்னும் எண்ணம் நம் நாட்டில் ஐயத்துக்கு இடமற்ற விதியாகிவிட்டது. முந்துதல் காலம் பற்றிய செய்தி. உரிமையோ நீதி பற்றியது. முன்னதிலிருந்து பின்னது எவ்வாறு பிறக்கும்?

கம்போடியாவின் குலேன் மலையை நோக்குவோம். பண்டு மகேந்திர பர்வதம் எனப்பட்ட அம்மலையில் கி.பி. 802இல் இரண்டாம் செயவர்மன் தன்னைப் பேரரசனாக அறிவித்தான் என்பர். அங்கு ஆற்றுப்படுகைப் பாறையிலேயே நூற்றுக்கணக்கான இலிங்கங்கள் செதுக்கப்பட்டுள்ளன; பாம்பணைத் திருமாலும் உண்டு. அவற்றைத் தழுவிய நீர் அங்கோர்ச் சமவெளிக்கு இறங்குகிறது. காண்பார்க்கன்றி நீருக்கெனச் செதுக்கிய சிற்பங்கள்! 16ஆம் நூற்றாண்டில் மலைமீது பெரும்பாறையொன்றில் பள்ளிகொண்ட புத்தரை வடித்தோர் இலிங்கங்களைப் பெயர்த்தெறியவில்லை. பௌத்தரான கெமர் மக்கள் இன்றும் அந்நீரைப் புனிதமெனத் தலையில் தெளித்துக்கொள்கின்றனர். எது முந்தியது என்பதற்கு அங்கு விடை எளிது. அவ்விடையால் எவரும் எவரையும் வெளியேற்றவில்லை. இதுகொண்டு அந்நாட்டார் என்றும் பொறையுடையோராய் இருந்தனர் எனல் மிகை. 13ஆம் நூற்றாண்டில் அங்கோரில் புத்தர் உருவங்கள் பல சிதைக்கப்பட்டன.

இனி நம் குருந்தூர்மலை. முல்லைத்தீவு மாவட்டத்து அக்குன்றில் ஊரார் ஐயனாரை வழிபட்டு வந்தனர். 2021இல் தொல்லியல் திணைக்களம் அகழ்வு தொடங்கியது. எண்பட்டைக் கல்லொன்று கிடைத்தது. இலிங்கமே என ஒரு சாராரும், அன்றென மறு சாராரும் வாதிட்டனர். விகாரைப் பணியை நிறுத்துமாறு 2022இல் நீதிமன்றம் கட்டளையிட்டது. கல்லின் வயதைக் காணல் தொல்லியலார் பணி. கற்பூரம் கொளுத்த எவர்க்கு உரிமை என்பது மண்ணை அகழ்ந்து காணும் பொருளன்று.

நாமும் இவ்விதிக்குப் புறம்பானவரல்லேம். உரும்பிராய்க்கு வடமேற்கே சில மைல் தொலைவில் கந்தரோடைத் தூபிகள் உள்ளன. அவை தமிழ்ப் பௌத்தர் எழுப்பியவை என்கிறோம். ஆராயத்தக்க கருத்தே. ஆயினும் அதனை உறுதிப்பத்திரமாக நீட்டும்போது எதிர்வாதியின் அளவுகோலையே கைக்கொள்கிறோம். நாளைய அகழ்வு வேறு கதை கூறின், ஐயனார் முன் நின்ற மூதாட்டி வீடு திரும்பவேண்டுமா?

தொன்மையைக் கைவிட்டால் வலியவன் முன் நமக்கு எஞ்சும் துணை யாது என நண்பரொருவர் வினவினார். நேர்மையான வினா. வழிபடுவோர் இன்று இருக்கின்றனர் என்பதே என் விடை. அது நம்மையும் கட்டும்: கந்தரோடையில் மலர் வைக்க வரும் பௌத்தரைத் தடுத்தல் தகாது. மலர் வைத்தவர் அயலவர் வழிபாட்டை மறித்து மதில் எழுப்புவாராயின் அது வேறு செயல். 2023 ஆகஸ்டில் குருந்தூர்மலையில் பொலிஸ் காவலுக்கு நடுவே மக்கள் பொங்கல் பொங்கினர். அக்கல்லைப் பற்றிய வாதம் முடியும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை.