கொடுத்த கை ஓய்ந்தபின்



ஒருவர் தமக்கென்று எதையும் எதிர்பாராமல் அள்ளிக் கொடுக்கிறார். ஊரவர்கள் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்கிறார்கள். இதிற் களவில்லை, வஞ்சனையுமில்லை. இத்தகைய கொடையினாற் கெடுதி விளைய முடியுமா? ஒருபோதும் முடியாது என்றே நம்மிற் பலர் சொல்வோம். ஆனால் ஸ்கொத்லாந்திலுள்ள ஒரு சிற்றூரின் உதைபந்தாட்டக் கழகத்துக்கு நேர்ந்ததைக் கேட்டால், அவ்விடையைச் சற்று நிறுத்திவைத்து யோசிக்கவே தோன்றும்.

அவ்வூரின் பெயர் கிறெற்னா. இங்கிலாந்தின் எல்லையைக் கடந்ததும் வருவது அது. ஏறத்தாழ மூவாயிரம் பேர் வாழும் இடம். முதலாம் உலக யுத்த காலத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்காகக் கட்டப்பட்ட ஊர். பக்கத்திலுள்ள கிறெற்னா கிறீன், வீட்டாருக்குத் தெரியாமல் இங்கிலாந்திலிருந்து ஓடிவந்து மணமுடிக்கும் காதலருக்குப் பேர்போனது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு ஆண்டு, 1946இல், இவ்வூரவர்கள் ஓர் உதைபந்தாட்டக் கழகத்தை அமைத்தார்கள். ரேடேல் பார்க் அவர்களுடைய மைதானம். எல்லையோர ஊராகையால் அரை நூற்றாண்டுக்கு மேலாக இங்கிலாந்தின் சிறு லீக்குகளிலேயே ஆடினார்கள். 1991இலும் 1993இலும் இங்கிலாந்தின் எப்.ஏ. கிண்ணப் போட்டியில் முதற் சுற்றை எட்டியதே அவர்களுக்குப் பெரும் பெருமை. பெரிய பணமில்லை; ஆனாலும் கழகம் தன் காலிலே நின்றது.

2002இல் எயார்ட்றியோனியன்ஸ் என்னும் பழைய கழகம் கடனில் மூழ்கி மறைந்தது. அந்த வெற்றிடத்திற் கிறெற்னாவை ஸ்கொத்லாந்து லீக் சேர்த்துக்கொண்டது. அவ்வேளையிலேதான் புறூக்ஸ் மைல்சன் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர் கழகத்துக்குக் கைகொடுக்க வந்தார். செல்வந்தரானாலும் பகட்டு இல்லாதவர். ரசிகர்களோடு ரசிகராய் நின்று ஆட்டம் பார்ப்பவர். வேறு பல சிறிய கழகங்களின் ரசிகர் அமைப்புகளுக்கும் உதவியவர். அவர் தம் சொந்தப் பணத்தைக் கொட்டினார். இளைஞருக்கும் சிறுவருக்கும் பயிற்சித் திட்டங்கள் தொடங்கின. நல்ல ஆட்டக்காரர் வந்து சேர்ந்தனர்.

பிறகு நடந்ததை ஒரு கதையிலே படித்தால் நம்பமாட்டீர்கள். 2004-05 பருவத்தில் கடைசிப் படியான மூன்றாம் பிரிவில், 36 ஆட்டங்களில் 32இல் வென்று, 130 கோல்கள் போட்டுக் கிண்ணம் பெற்றார்கள். அடுத்த ஆண்டு இரண்டாம் பிரிவிலும் முதலிடம். அதோடு, 2006 மே 13ஆம் திகதி, கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க் அரங்கில், ஸ்கொத்லாந்துக் கிண்ண இறுதியாட்டத்தில் ஹார்ட்ஸ் கழகத்தைச் சந்தித்தார்கள். ஆட்டம் 1-1 எனச் சமநிலையில் முடிந்தது. தண்ட உதைகளிலேதான் 4-2 எனத் தோற்றார்கள். 2007 ஏப்ரலில், பருவத்தின் கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் போட்ட கோலினால், சென் ஜோன்ஸ்ரன் கழகத்தை ஒரே ஒரு புள்ளியாற் பின்தள்ளி முதலாம் பிரிவையும் வென்றார்கள். மூன்று ஆண்டுகளில் மூன்று படிகள் ஏறி, சிற்றூர்க் கழகம் நாட்டின் உச்ச லீக்கில் நின்றது.

அங்கேதான் சோதனை காத்திருந்தது. உச்ச லீக்கின் மைதானத்தில் 6,000 இருக்கைகள் வேண்டும் என்பது அன்றைய விதி. ரேடேல் பார்க்கில் அவ்வளவு இல்லை. ஆகவே ஏறக்குறைய 70 மைல் தொலைவிலுள்ள மதர்வெல் நகரத்து மைதானத்தை வாடகைக்கு எடுத்துத் தங்கள் “சொந்த ஊர்” ஆட்டங்களை ஆடினார்கள். தன்னாமுனைக் கழகமொன்று தன் வீட்டு ஆட்டத்தைப் பொலன்னறுவைக்கும் அப்பாற் போய் ஆடுவதாக எண்ணிப் பாருங்கள்! ஊரவர்கள் எத்தனை பேர் போவார்கள்? 2008 ஏப்ரலில் ஓர் ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 431 பேர் மட்டுமே.

அதற்கு முன்னரே மைல்சன் கடும் நோயுற்றார். 2008 பெப்ரவரியில் அவருடைய பண உதவி நின்றது. மார்ச்சில் கழகம் வங்குரோத்து நிருவாகிகளின் கைக்குப் போனது. ஊழியரும் ஆட்டக்காரரும் வேலையிழந்தனர். கடன் சுமார் 40 இலட்சம் பவுண். ஜூனில் கழகம் லீக்கிலிருந்து விலகியது. ஆகஸ்டில் அடியோடு கலைக்கப்பட்டது. நவம்பரில் மைல்சன் தமது 60ஆவது வயதிற் காலமானார்.

வாசகரே, இதில் யாரைக் குற்றஞ்சொல்வது? கொடுத்தவரைக் குற்றஞ்சொல்ல நா எழவில்லை. இன்னொரு நியாயமும் உண்டு. “அழிந்தாற்றான் என்ன? மூவாயிரம் பேருள்ள ஊரின் பெயரை ஹாம்ப்டனில் ஒலிக்கக் கேட்ட நாள் ஒன்று போதாதா? நூறு வருடம் மூலையிற் கிடப்பதைவிட அந்த ஒரு நாள் மேலன்றோ?” என்று கேட்பார்கள். இலேசாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று இது. மகிழ்ச்சிக்கும் மதிப்புண்டு. வாழ்நாள் முழுவதும் அந்த அணிக்காகக் கைதட்டிய முதியவருக்கு அந்த நாள் எவ்வளவு பெரிது என்று நாம் அளக்க முடியாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கொடை நின்றபோது, கொடை தந்தது மட்டும் போகவில்லை; கொடைக்கு முன்பே ஊரிடம் இருந்ததும் சேர்ந்து போனது. எவருடைய செல்வமும் இல்லாமல் 1946 முதல் வாழ்ந்த கழகம், செல்வம் வந்த ஆறே ஆண்டுகளில் இல்லாமற் போயிற்று. வருமானத்துக்கு அடங்கிய செலவு என்ற பழைய பழக்கம் மறந்துபோனது. “இவருக்கு ஏதும் நேர்ந்தால்?” என்று கேட்டவர்கள் அப்போதும் இருந்தார்கள், வெற்றி ஆரவாரத்தில் அக்கேள்வி எடுபடவில்லை. வெற்றிக்கு விலை கொடுத்தவர்களும் யாரென்று பாருங்கள்: சம்பளத்தை நம்பியிருந்த ஊழியரும், கடன் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களும். மகிழ்ச்சி அனுபவித்தவர்கள் ஒருபுறம், கணக்குத் தீர்த்தவர்கள் மறுபுறம் என்றானால், அந்த ஒரு நாளின் நியாயம் அரைகுறை நியாயந்தான்.

கிறெற்னா 130 கோல்கள் போட்ட அதே பருவத்தின் நடுவிலேதான், 2004 டிசம்பர் 26ஆம் திகதி, கடல் நமது கரையைத் தாக்கியது. உலகமெங்குமிருந்து உதவி வந்தது. அது அன்பினால் வந்தது. நாம் நன்றி மறக்கலாகாது. எனினும் இலங்கைக் கரையோரத்திற் சில இடங்களில் தேவைக்கு மேல் படகுகள் குவிந்ததையும், சில படகுகள் கடலுக்கே உதவாதவையாய் இருந்ததையும் அறிவோம். அன்று வந்தவற்றுள் இன்றும் உங்கள் ஊரில் பயன் தருவன எவை? ஊரவர்கள் தாங்களே பொறுப்பேற்று நடத்தியவையா, மற்றவையா? எண்ணிப் பார்த்தால் விடை உங்களுக்கே விளங்கும்.

வேறொரு விதமாகக் கொடுத்தவர்களையும் மட்டக்களப்பு அறியும். அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகளான வெபர் அடிகளாரும் யூஜின் ஹேபியர் அடிகளாரும் நம் பிள்ளைகளை விளையாட்டிற் பழக்கினார்கள். வெபர் அடிகளாரின் பெயரை நகர மைதானம் தாங்கி நிற்கிறது. மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து கற்பித்த ஹேபியர் அடிகளார், 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிப் புறப்பட்டார், வந்து சேரவில்லை. கொடுத்த கை ஒரே நாளிற் பறிபோயிற்று. ஆயினும் அக்கல்லூரியிற் கூடைப்பந்து நின்றுவிடவில்லை. ஏனென்றால் அவர் கொடுத்தது பிள்ளைகளின் கையிலும் காலிலும் பழக்கமாய் ஊறிவிட்டது. அதை எந்தக் கடன்காரனும் பறிக்க முடியாது.

கொடையை அளக்க இதோ ஓர் உரைகல்: கொடுத்தவர் நாளைக்கு இல்லாவிட்டால், பெற்றவர் முன்பு செய்ய முடியாத எதைத் தாமாகச் செய்வார்? விடை இருந்தால் அது நல்ல கொடை. விடையில்லையென்றால், கொடுப்பவர் எவ்வளவு நல்லவரானாலும், பெறுபவர் கவனமாயிருக்க வேண்டும். இது கழகத்துக்கு மட்டுமன்று. வெளிநாட்டிலே உழைக்கும் ஒரு பிள்ளையின் பணத்தில் முழுக் குடும்பமும் வாழும் வீடுகள் நம்மிடையே எத்தனை! அப்பிள்ளையின் உடம்புக்கு ஒன்று நேர்ந்தால் என்ன செய்வோம் என்று வீட்டில் என்றாவது பேசியதுண்டா? அப்படிப் பேசுவது நன்றிகேடன்று. அனுப்புகிறவரின் தோளிலுள்ள சுமையை உணர்வதேயாகும்.

கிறெற்னாவின் கதை கலைப்போடு முடியவில்லை. பழைய கழகம் மறைந்த அதே 2008இல் ரசிகர்கள் ஒன்றுகூடிப் புதிய கழகத்தைத் தொடங்கினார்கள். “கிறெற்னா 2008” என்று பெயரிட்டார்கள். முதலில் அயலூரான அனனில் ஆடி, பிறகு ரேடேல் பார்க்குக்கே திரும்பினார்கள். சிறிய லீக், சிறிய கூட்டம், சிறிய செலவு. ஹாம்ப்டன் அவர்களுக்கு எட்டாத தூரம். ஆனால் நுழைவாயிலிற் சீட்டு விற்பவரும் கழகத்தை நடத்துபவரும் ஊரவர்களே. இம்முறை ஒருவர் நோயுற்றால் அவரைப் போய்ப் பார்ப்பார்கள், கழகம் கலையாது.